மெல்ட் கர்வ் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சூடாக்கினால் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் பிரிந்து தனித்தனி இழைகளாகிவிடும். ஒரு டிஎன்ஏ துண்டைப் பல பிரதிகளாகப் பெருக்கி, பெருகுவதை ஒளிர்வால் அளக்கும் ரியல் டைம் பிசிஆர் முடிந்த கையோடு ஓட்டும் மெல்ட் கர்வ் அந்தப் பிரிவைத்தான் பதிவு செய்கிறது. 65 டிகிரியில் ஆரம்பித்து 95 வரை அரை அரை டிகிரியாக ஏற்றும்போது, சைபர் கிரீன் சாயம் ஒட்டிக்கொள்ள இரட்டை இழை இல்லாமல் போய் ஒளிர்வு சரிகிறது. சரிவு எங்கே மிகச் செங்குத்தாக இருக்கிறதோ, அங்கே பீக் தெரியும். அந்த வெப்பநிலைதான் உருகுநிலை.

எங்கள் ஆய்வகத்தில் அடிக்கடி என் மேசைக்கு வரும் கேள்வி ஒன்று உண்டு: "ரெண்டு பீக் வருது, பிரைமர் சரியில்லை போல, புதுசா ஆர்டர் பண்ணிடலாமா?" பிரைமர் என்பது பெருக்கம் எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் குட்டி டிஎன்ஏ இழை. பெரும்பாலும் அதில் குறை இருப்பதில்லை. பீக் எந்த டிகிரியில் நிற்கிறது, பிளேட்டின் எந்தெந்தக் குழிகளில் நிற்கிறது என்ற இரண்டையும் குறித்துக்கொண்டாலே காரணம் பாதி பிடிபட்டுவிடும். அதைச் செய்யாமல் பிரைமரை மாற்றினால் பணமும் ஒரு வாரமும் போகும், பீக் அங்கேயே இருக்கும்.

கீழே உள்ளதை ஆரம்பம் முதல் முடிவு வரை படிக்கத் தேவையில்லை. உங்கள் திரையில் தெரிவது எந்தத் தலைப்போ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைத் திறக்க வைப்பது கடைசியில்.

## எந்த அறிகுறிக்கும் முன்னால்

மென்பொருள் காட்டும் பீக் படத்தை மட்டும் நம்பாதீர்கள். அது ஒளிர்வு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்ற கணக்கு. ஒன்றுமே பெருகாத குழியில்கூட, செங்குத்து அச்சு தானாகச் சுருங்கி, வெறும் இரைச்சலை மலை மாதிரி காட்டும். அச்சில் உள்ள எண்களைப் பாருங்கள். பிறகு மூல ஒளிர்வு வளைவையும் திறந்து பாருங்கள். வெப்பம் ஏற ஏறச் சாயத்தின் ஒளிர்வு மெதுவாகக் குறைவது இயல்பு. நாம் தேடுவது அதன் நடுவே வரும் திடீர்ச் சரிவை.

அடுத்து, டெம்ப்ளேட் (பெருக்க வேண்டிய மூல டிஎன்ஏ) சேர்க்காத கன்ட்ரோல் குழி அந்தப் பிளேட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் அதை வைத்து மறுபடி ஓட்டுங்கள். அது இல்லாமல் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாது.

## அறிகுறி 1: பீக்கே இல்லை

### பெருக்க வளைவு ஒழுங்காக ஏறியிருக்கிறது, மெல்ட் மட்டும் தட்டை

புரோகிராமைத் திறந்து பாருங்கள். மெல்ட் படியில் ஒளிர்வைப் படிக்கச் சொல்லும் குறி விழுந்திருக்கிறதா? பழைய புரோகிராமை நகலெடுத்துத் திருத்தும்போது இதுதான் அடிக்கடி விட்டுப்போகும். சேனல் சைபர் கிரீனுக்கு உரியதா என்பதையும் பாருங்கள்.

அது சரி என்றால், மாஸ்டர் மிக்ஸ் (என்சைமும் உப்பும் கலந்த தயார்க் கலவை) பாட்டிலைக் கையில் எடுத்துப் பெயரைப் படியுங்கள். புரோபுக்கான (குறிப்பிட்ட வரிசையில் மட்டும் ஒட்டும் ஒளிர் துண்டுக்கான) மிக்ஸில் இரட்டை இழையைப் பிடிக்கும் சாயம் இருக்காது. டாக்மேன் மாதிரியான புரோப் வெட்டுப்பட்டு ஒளி தருகிறது. வெட்டுப்பட்டது மறுபடி ஒட்டாது, அதனால் உருகவும் எதுவும் இல்லை. இதில் கோளாறு ஒன்றும் இல்லை, அந்த வேதியியலே அப்படி.

மூல வளைவு 95 வரை உயரத்திலேயே நின்று கடைசியில்தான் சரியத் தொடங்குகிறதா? அப்படியானால் ஜி, சி காரங்கள் (சுருக்கமாக ஜிசி) அதிகமுள்ள உங்கள் பொருளின் (பெருகி உருவான துண்டின்) உருகுநிலை வரம்பின் ஓரத்தில் இருக்கிறது. அறிகுறி 6-க்குப் போங்கள்.

### பெருக்க வளைவும் ஏறவில்லை

உருகுவதற்கு எதுவும் உருவாகவில்லை, மெல்ட் கர்வைக் குறை சொல்லிப் பயனில்லை. நிச்சயம் பெருக வேண்டிய பாசிட்டிவ் கன்ட்ரோலும் ஏறவில்லை என்றால், கிட் மாறியதா என்று பாருங்கள். சூடாகும் வரை பூட்டிவைத்த ஹாட் ஸ்டார்ட் என்சைம்களில் ஆன்டிபாடியால் கட்டிவைத்தது 95 டிகிரியில் ஓரிரு நிமிடத்தில் விழித்துவிடும். வேதிமுறையில் பூட்டியதற்கு 10, 15 நிமிடம்கூடத் தேவைப்படலாம். கிட்டை மாற்றிவிட்டுப் பழைய 2 நிமிடப் புரோகிராமையே ஓட்டினால் என்சைம் தூங்கிக்கொண்டே இருக்கும். கிட் தாளில் உள்ள நேரத்தைப் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். பாசிட்டிவ் கன்ட்ரோல் மட்டும் ஏறினால் சாம்பிளில் தடுப்பான் இருக்கிறது. பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள்.

## அறிகுறி 2: இரண்டு பீக்

அதிகம் பேரை அலைக்கழிக்கும் அறிகுறி இதுதான். புரிந்துகொள்ள எளிதாக இருக்க ஓர் எடுத்துக்காட்டு: உங்கள் பொருள் 120 காரஇணை நீளம், பீக் 84 டிகிரியில் வரவேண்டும். கூடுதல் பீக் அதற்கு இடதுபக்கமா, வலதுபக்கமா?

### இடதுபக்கம், 70 முதல் 80 டிகிரிக்குள், சற்றுப் பரந்து

பிரைமர் டைமர் என்று சந்தேகப்படலாம். இரண்டு பிரைமர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நீண்டது. குட்டையானது என்பதால் குறைந்த வெப்பத்திலேயே பிரிந்துவிடும்.

உறுதிப்படுத்த, டெம்ப்ளேட்டைப் பத்துப் பத்து மடங்காக நான்கு படி நீர்த்து ஓட்டுங்கள். டைமர் என்றால், டெம்ப்ளேட் குறையக் குறைய இடது பீக் வளரும், 84 பீக் தேயும். டெம்ப்ளேட் இல்லாத கன்ட்ரோலில் இடது பீக் மட்டும் நிற்கும். மூன்றும் பொருந்தினால் வேறு யோசனை வேண்டாம்.

சரிசெய்யும் வரிசை: பிரைமர் அளவை 400, 500 நானோமோலாரிலிருந்து 200-க்குக் குறையுங்கள். போதவில்லையென்றால் அனீலிங் (பிரைமர் ஒட்டும் படி) வெப்பத்தை ஒரு டிகிரி, பிறகு இன்னொரு டிகிரி ஏற்றுங்கள். பிளேட் தயார் செய்யும்போது எல்லாம் ஐஸில் இருக்கட்டும். இதற்கும் அடங்காவிட்டால், காசு செலவில்லாத வழி இன்னொன்று இருக்கிறது. ஒவ்வொரு சுழற்சியின் கடைசியிலும் 80 டிகிரியில் சில விநாடி நிறுத்தி, ஒளிர்வை அங்கே படிக்கச் சொல்லுங்கள். 76-இல் உருகும் டைமர் அப்போது பிரிந்து கிடக்கும், 84-இல் உருகும் உங்கள் பொருள் மட்டும் ஒளிரும். டைமர் உருவாவதை இது தடுக்காது. ஆனால் உங்கள் அளவீட்டில் அது கலக்காது. இரண்டின் உருகுநிலைக்கும் நடுவே போதிய இடைவெளி இருந்தால்தான் இது எடுபடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் புதிய பிரைமர். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு பிரைமர்களின் 3 பிரைம் முனைகள் (நீளத் தொடங்கும் முனைகள்) ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை.

ஒரு விஷயம். டைமர் கன்ட்ரோல் குழியில் மட்டும், அதுவும் 36, 37-ஆம் சுழற்சிக்குப் பிறகு வருகிறது; சாம்பிள்கள் எல்லாம் 22, 24-இலேயே சுத்தமான ஒற்றைப் பீக்குடன் ஏறிவிடுகின்றன என்றால், அதை அப்படியே விட்டுவிடுங்கள். பிடிக்க டெம்ப்ளேட் இல்லாத இடத்தில் பிரைமர்கள் தங்களுக்குள் பிடித்துக்கொள்வது உங்கள் முடிவைக் கெடுக்காது.

### வலதுபக்கம், அல்லது பொருளுக்கு மிக அருகில்

ஆர்என்ஏவிலிருந்து தொடங்கியவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது உடன் வந்த ஜீனோம் டிஎன்ஏ. இரண்டு பிரைமருக்கும் நடுவே ஓர் இன்ட்ரான் (ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்படும் பகுதி) இருந்தால் அதிலிருந்து நீளமான பொருள் உருவாகி, பெரும்பாலும் தனி பீக்காக நிற்கும். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத கன்ட்ரோலில் அதே பீக் வந்தால் உறுதி. டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் என்சைம் கொண்டு ஆர்என்ஏவைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அந்தக் கன்ட்ரோல் சுத்தமாக இருந்தால், பிரைமர் வேறெங்கோ போய் ஒட்டுகிறது; அனீலிங் வெப்பத்தை ஏற்றிப் பாருங்கள்.

### ஜெல்லில் ஒரே பட்டை, மெல்ட்டில் மட்டும் இரண்டு பீக்

இங்கேதான் நல்ல பிரைமர்கள் பல குப்பைக்குப் போகின்றன. பொருள் ஒன்றே ஒன்றாக இருந்தும் இரண்டு பீக் வரலாம். ஒரு துண்டின் ஒரு பாதியில் ஏ, டி நிறைந்தும் மறுபாதியில் ஜி, சி நிறைந்தும் இருந்தால், அது ஒரே மூச்சில் பிரியாது. நெருக்கித் தைத்த இடமும் தளரத் தைத்த இடமும் ஒன்றாகப் பிரிவதில்லை, அது போலத்தான். ஏ-டி பகுதி 81-இல் திறந்துகொள்ளும். ஜி-சி பகுதி 86 வரை பிடித்து நிற்கும். சாயம் இரண்டு தவணையில் வெளியேறுவதால் பீக்கும் இரண்டு.

கண்டுபிடிக்க மேலே சொன்ன அதே நீர்த்தல் வரிசை போதும். இது டைமராக இருந்தால் நீர்க்க நீர்க்க இரண்டு பீக்குகளின் விகிதம் மாறும். ஒரே பொருள் இரு தவணையில் உருகுகிறது என்றால், எந்த நீர்த்தலிலும் இரண்டின் உயர விகிதம் அப்படியே இருக்கும். இரண்டும் சேர்ந்தே உயரும், சேர்ந்தே தேயும். டெம்ப்ளேட் இல்லாத கன்ட்ரோலில் இரண்டுமே இருக்காது.

அதோடு, அந்தக் குழியிலிருந்து 5 மைக்ரோலிட்டர் எடுத்து துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் 2 அல்லது 3 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டுங்கள். எதிர்பார்த்த நீளத்தில் ஒரே பட்டை என்றால் நிம்மதியாக இருக்கலாம். ஜெல் ஓட்ட ஒரு மணி நேரம் ஆகுமே என்று தள்ளிப்போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிய பிரைமர் வந்து சேர ஆகும் நாட்களோடு ஒப்பிட்டால் அந்த ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. வரிசை கையில் இருந்தால், யூடா பல்கலைக்கழகத்தில் உருவான யூமெல்ட் என்ற இலவச இணையக் கருவியில் போட்டால், அந்தத் துண்டு எத்தனை தவணையில் உருகும் என்று வரைந்தே காட்டும். புதிய பிரைமர் ஆர்டர் செய்வதற்கு முன்பே இதைச் செய்வது என் வழக்கம்.

ஜெல்லில் இரண்டு பட்டை தெரிந்து, காரணம் புரியவில்லை என்றால் மட்டும் பட்டையை வெட்டியெடுத்து வரிசைமுறை பார்க்க அனுப்புங்கள். இந்த அறிகுறியில் வெளியாளின் உதவி தேவைப்படும் இடம் அதுதான்.

## அறிகுறி 3: டெம்ப்ளேட் இல்லாத கன்ட்ரோலில் பீக்

பீக் உங்கள் பொருளின் உருகுநிலையைவிடத் தெளிவாகக் கீழே இருந்தால் அது டைமர், மேலே பாருங்கள். சரியாக அதே 84-இல் இருந்தால் மாசு. இதை "கொஞ்சம்தானே" என்று விட்டுவிடக் கூடாது.

கன்ட்ரோலை எட்டுக் குழிகளில் வையுங்கள். எட்டும் கிட்டத்தட்ட ஒரே சுழற்சியில் ஏறினால் மாசு ஏதோ ஒரு திரவத்தில் இருக்கிறது: தண்ணீர், பிரைமர் அல்லது மிக்ஸ். இரண்டு மூன்று குழிகளில் மட்டும், வெவ்வேறு சுழற்சியில் ஏறினால் அது பைப்பெட்டிலிருந்தோ காற்றிலிருந்தோ தெறித்தது.

திரவம் என்றால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், முதலில் தண்ணீர். எல்லோரும் கைவைக்கும் பாட்டில் அதுதான். அப்புறம் பிரைமரின் புதிய பங்கு. மிக்ஸ் கடைசி. தெறிப்பு என்றால் மேசையையும் பைப்பெட்டின் வெளிப்பகுதியையும் 10 சதவீத பிளீச்சால் துடைத்து, பிறகு தண்ணீரால் துடைத்து, ஃபில்டர் டிப் போடுங்கள். ஆல்கஹால் மட்டும் போட்டுத் துடைத்தால் போதாது, அது டிஎன்ஏவை அழிக்காது.

எல்லாவற்றுக்கும் மூலம் பெரும்பாலும் ஒன்றுதான்: முடிந்த பிளேட்டின் சீலை, புதிய பிளேட் தயார் செய்யும் அறையிலேயே உரிப்பது. ஒரு குழியில் பெருகிக் கிடக்கும் பிரதிகளின் எண்ணிக்கை அவ்வளவு பெரியது, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும். ஜெல் ஓட்ட வேண்டியிருந்தால் வேறு அறையில், வேறு பைப்பெட்டோடு திறங்கள். மாசு திரும்பத் திரும்ப வருகிறது என்றால், டியூடிபியும் (புதிய துண்டுகளில் தைமினுக்குப் பதில் யூராசிலைச் சேர்ப்பது), யூராசில் கிளைகோசிலேஸும் (யூராசிலை வெட்டும் என்சைம்) உள்ள மிக்ஸுக்கு மாறுங்கள். முந்தைய ரன்களிலிருந்து வந்த யூராசில் உள்ள துண்டுகளை அது பெருக்கம் தொடங்கும் முன்பே சிதைத்துவிடும். மாறிய பிறகு உருவாகும் பொருள்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. ஏற்கெனவே பரவிய பழைய மாசை அது தொடாது.

## அறிகுறி 4: பீக் ஒன்றுதான், ஆனால் இடம் மாறி நிற்கிறது

### பிளேட் முழுவதும் ஒரே அளவு நகர்ந்திருக்கிறது

என்ன மாறியது என்று கேளுங்கள். கிட்டா, பஃபரா, இழைகளைத் தளர்த்தச் சேர்க்கும் டிஎம்எஸ்ஓவா? உருகுநிலை டிஎன்ஏவுக்கு மட்டும் சொந்தமான எண் கிடையாது, அது மிதக்கும் கரைசலுக்கும் அதில் பங்கு உண்டு. இழைகளின் எதிர்மின்னூட்டத்தை உப்பு மறைப்பதால் இழைகள் ஒட்டியே நிற்கும். உப்பு குறைந்தால் சீக்கிரம் பிரியும். டிஎம்எஸ்ஓ ஒவ்வொரு சதவீதத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் இறக்கிவிடும். சைபர் கிரீனே இழைகளைப் பிடித்துவைத்து உருகுநிலையைச் சற்று ஏற்றும். அதனால் ஒரு கிட்டில் 84 வந்தது இன்னொன்றில் 82.5 வந்தால் பதற வேண்டாம். புதிய கிட்டில் பாசிட்டிவ் கன்ட்ரோலை ஓட்டி, அதையே புதிய அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

### சில சாம்பிள்களில் மட்டும்

டிஎன்ஏவைப் பிரித்தெடுத்துக் கரைத்த எலூஷன் பஃபரைப் பாருங்கள். 20 மைக்ரோலிட்டர் ரியாக்‌ஷனில் டிஈ பஃபரில் கரைத்த டெம்ப்ளேட் 10 மைக்ரோலிட்டர் போட்டால், 0.5 மில்லிமோலார் ஈடிடிஏ உள்ளே போகிறது. அது மெக்னீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உப்பு குறைந்த அதே விளைவுதான். டெம்ப்ளேட்டை 2 மைக்ரோலிட்டருக்குக் குறைத்து ஓட்டுங்கள். பீக் தன் இடத்துக்கு வந்துவிட்டால் காரணம் அதுதான்.

அதற்கும் மாறவில்லை என்றால், அந்த சாம்பிளின் வரிசையே வேறாக இருக்கலாம். சின்னத் துண்டில் ஒரு ஏ-டி ஜோடி ஜி-சி ஆக மாறினாலே ஒரு டிகிரி வரை நகரும். வரிசைமுறை பார்த்து உறுதி செய்யுங்கள்.

### ஓரக் குழிகளில் மட்டும்

பிளேட்டை வெளியே எடுத்து, சீலை உரிக்காமல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் திரவ மட்டத்தைப் பாருங்கள். ஓரக் குழிகளில் மட்டம் இறங்கியும் சீலின் உள்பக்கம் துளிகள் கோத்தும் இருந்தால் ஆவியாதல். 20 மைக்ரோலிட்டர் 15 ஆகச் சுண்டினால் உப்பின் செறிவு மூன்றில் ஒரு பங்கு கூடும், பீக் ஒன்றிரண்டு டிகிரி மேலேறும். சீலை ஓரம் ஓரமாக, மூலைகளையும் சேர்த்து அழுத்தித் தேயுங்கள். மூடியின் சூடு 105 டிகிரிக்கு வருகிறதா என்று பாருங்கள்.

### இடத்தைப் பொறுத்து மாறுகிறது

ஒரே கலவையை எல்லாக் குழிகளிலும் ஊற்றி ஓட்டுங்கள். அரை டிகிரிக்குள் அடங்கினால் இயந்திரத்தில் குறையில்லை. ஒரு பக்கம் தாழ்ந்தும் மறுபக்கம் உயர்ந்தும் வந்தால், பிளேட்டைத் திருப்பி வைத்து மெல்ட்டை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். திருப்பி வைக்க இடம் தராத இயந்திரம் என்றால் ஸ்ட்ரிப் குழாய்களில் செய்து இடம் மாற்றுங்கள். வித்தியாசம் குழாயோடு போனால் கலவையில் பிரச்சினை. பிளாக்கின் (பிளேட் அமரும், சூடேறும் பலகையின்) அதே இடத்தில் தங்கினால் பிளாக்கில் பிரச்சினை. அங்கே நாம் செய்யக்கூடியது, குழிகளில் தூசியோ பழைய துளியோ இருந்தால் துடைப்பது மட்டும்தான். அடுத்து சர்வீஸ் இன்ஜினியர்.

## அறிகுறி 5: கரடுமுரடாக, பல் பல்லாக வரும் வளைவு

பெரும்பாலும் காற்றுக் குமிழிதான். மிக்ஸில் டிடர்ஜென்ட் இருப்பதால் பைப்பெட்டைக் கடைசி வரை அழுத்தினால் நுரைத்துவிடும், சூட்டில் குமிழி விரிந்து ஒளிப்பாதையில் நகரும். பிளேட்டை ஒரு நிமிடம் ஸ்பின் செய்து, அடியிலிருந்து பாருங்கள். வட்டமாக ஏதாவது தெரிந்தால் மறுபடி ஸ்பின். இதிலேயே பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

கரடுமுரடு இல்லை, பீக் மட்டும் அகலமாக இருக்கிறது என்றால் ஏற்றும் வேகத்தைக் குறையுங்கள்: 0.2 டிகிரிப் படிகளில், ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி. வேகமாக ஏற்றினால் இழைகள் பிரிய நேரமில்லாமல் பீக் பரந்தும் சற்று மேலேயும் விழும்.

## அறிகுறி 6: 95 டிகிரியிலும் பிரிய மறுக்கிறது

ஜெல்லில் பட்டை மங்கல், அல்லது ஒன்றுமே இல்லை. டெம்ப்ளேட்டில் ஜிசி 65, 70 சதவீதத்துக்கு மேல். நீளமான டிஎன்ஏவில் ஜிசி 10 சதவீதம் கூடினால் உருகுநிலை ஏறக்குறைய 4 டிகிரி ஏறும். 1962-இல் மர்மரும் டோட்டியும் கண்டு சொன்ன கணக்கு இது, இன்றைக்கும் கைக்கணக்குக்கு உதவுகிறது.

முதலில் பிரிக்கும் நேரத்தை 10 விநாடியிலிருந்து 20, 30 ஆக்குங்கள். என்சைம் தாங்கும் என்று கிட் தாள் சொன்னால் மட்டும் 98 டிகிரிக்குப் போங்கள். டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் என்சைம் 95-இல் சுமார் 40 நிமிடத்தில் பாதி செயலிழக்கும். அதற்கு மேல் சூட்டையும் நேரத்தையும் கூட்டிக்கொண்டே போனால் என்சைமும் சாகும், நீளமான டெம்ப்ளேட்டின் காரங்களும் உதிரத் தொடங்கும்.

அடுத்து 3 சதவீத டிஎம்எஸ்ஓ, பிறகு 5. அதோடு அனீலிங் வெப்பத்தையும் இரண்டு மூன்று டிகிரி இறக்க மறக்காதீர்கள், பிரைமரின் பிடியும் தளர்ந்திருக்கும். 10 சதவீதம் வரை போனால் டாக்கின் வேகம் பாதியாகிவிடும். டிஎம்எஸ்ஓவுக்குப் பதில் 1 மோலார் பீட்டெய்ன் போட்டும் பார்க்கலாம். ஜி-சி, ஏ-டி ஜோடிகளுக்கு நடுவிலுள்ள உறுதி வித்தியாசத்தை அது குறைக்கிறது. ஜிசி நிறைந்த டெம்ப்ளேட்டுக்கென்றே விற்கும் கிட்டை இவற்றுக்கெல்லாம் பிறகு வாங்கினால் போதும்.

டெம்ப்ளேட் பிளாஸ்மிட் (பாக்டீரியாவின் வளைய டிஎன்ஏ) என்றால் காரணம் வேறாக இருக்கலாம். அதன் இரண்டு இழைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மூடிய வளையங்கள். காரஜோடிகள் எல்லாம் பிரிந்தாலும் இழைகள் விலகிப் போக முடியாது, ஆறியதும் உடனே ஒட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமால் நேராக்கிவிட்டுப் போடுங்கள்.

எந்த டெம்ப்ளேட்டும், நேற்றுவரை நன்றாகப் பெருகியதும்கூட, இப்போது பெருகவில்லை என்றால் திரையில் 95 என்று காட்டினாலும் குழியில் 95 இருக்கிறதா என்ற சந்தேகம் நியாயமானது. பிளாக்கின் உணரியும் சூடேற்றும் பெல்டியர் பலகையும் நாம் கைவைக்கும் பாகங்கள் இல்லை, மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். வெப்பநிலைச் சரிபார்ப்புக் கருவியோடு இன்ஜினியர் வரட்டும். கூப்பிடும்போது "மெஷின் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், ஒரே கலவையை எல்லாக் குழிகளிலும் ஊற்றி ஓட்டிய ரன் ஃபைலையும், பிளேட்டைத் திருப்பி வைத்து ஓட்டிய ஃபைலையும், எந்த வரிசைக் குழிகளில் எத்தனை டிகிரி வித்தியாசம் என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த உதிரிப் பாகத்தை எடுத்துவர வேண்டும் என்று அவர் கிளம்பும் முன்பே முடிவு செய்ய அது போதும்.